லாட்ஜ் பில்லில் இருக்கும் வரியும் ஊரின் சுற்றுலாவும்: வேலூர் விடுதிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் லாட்ஜ் பில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரூம் வாடகை 1,000 ரூபாய். கீழே சிஜிஎஸ்டி 25, எஸ்ஜிஎஸ்டி 25. முதல் 25 ஒன்றிய அரசுக்கு, அடுத்த 25 தமிழக அரசுக்கு. வாடகை கொடுத்தவர் கொல்கத்தாக்காரராக இருந்தாலும், ராஞ்சிக்காரராக இருந்தாலும் இதுதான் கணக்கு. அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் மாநிலப் பங்கு சேரும். வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடக் கூடாது.

அந்த இரண்டாவது 25 ரூபாயில் ஒரு பைசாவாவது வேலூர்க் கோட்டையைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்லச் செலவாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது மாநிலத்தின் தொகுப்பு நிதிக்குப் போய் எல்லாப் பணத்தோடும் கலந்துவிடும். பிறகு சட்டமன்றம் துறைவாரியாக ஒதுக்கும். சுற்றுலாத் துறைக்கும் ஒரு பங்கு வரும். ஆனால் அந்தப் பங்குக்கும் உங்கள் லாட்ஜில் எத்தனை அறை நிரம்பியது என்பதற்கும் தொடர்பு இல்லை.

அந்தத் தொடர்பை உண்டாக்குவது எப்படி, எந்த வழி நடக்கும், எந்த வழியில் போனால் அபராதம் வரும் என்பதுதான் இங்கே விஷயம்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்

அமெரிக்காவில் அறை வாடகை மேல் தனி வரி உண்டு. டெக்சாஸ் மாநிலம் வாடகையில் 6 சதவீதம் வாங்குகிறது. அதில் அரை சதவீதப் புள்ளி, அதாவது வரும் வரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, மாநிலத்தின் சுற்றுலா விளம்பரத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நகராட்சிகள் தங்கள் பங்குக்கு, பொதுவாக 7 சதவீதம் வரை, மேலே போட்டுக்கொள்ளலாம். ஆனால் நகராட்சி அந்தப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது. இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் இருக்க வேண்டும். ஒன்று, இந்தச் செலவு சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் நேரடியாக வளர்க்கிறதா? இரண்டு, சட்டத்தில் பட்டியலிட்ட இனங்களில் ஒன்றில் இது வருகிறதா? சாலைக் குழி மூடவும் ஊழியர் சம்பளப் பாக்கி தீர்க்கவும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. 30 நாளுக்குக் குறையாமல் தங்குபவருக்கு இந்த வரியே இல்லை. இந்த 30 நாள் விலக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு இது முக்கியம்.

மொன்டானா 1987-லிருந்து விடுதி வரியைச் சுற்றுலாவுக்கென்று வாங்குகிறது. ஆரிகன் 2003-ல் மாநிலம் முழுதும் ஒரு சதவீத விடுதி வரி கொண்டுவந்து, சுற்றுலா விளம்பரத்தை அதிலிருந்தே நடத்துகிறது. கொலராடோ எதிர்த் திசையில் போனது. அங்கே சுற்றுலா விளம்பரத்துக்கென்றே ஒரு வரி இருந்தது. 1993-ல் அது நின்றது, விளம்பரமும் நின்றது. பயணிகள் பக்கத்து மாநிலங்களுக்குத் திரும்ப, சில ஆண்டுகள் கழித்து அரசு மறுபடியும் பணம் போட வேண்டியதாயிற்று. தனி வாசலில் வரும் பணத்துக்கும் பொதுக் கஜானாவிலிருந்து கேட்டு வாங்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அங்கே இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

நம் ஊரில் ஏன் அப்படியே செய்ய முடியாது

நம்மிடமும் தனி அறை வரி இருந்தது. 1981-ல் தமிழ்நாடு ஹோட்டல்கள், தங்கும் விடுதிகள் மீதான ஆடம்பர வரிச் சட்டம் வந்தது. (ஆறு இருக்கும் நீர் இருக்காது, கோட்டை இருக்கும் ராஜா இருக்கமாட்டார், கோயில் இருக்கும் சாமி இருக்காது என்ற பழைய வேலூர்க் கிண்டலில், ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்ததும் அதே 1981-ல்தான்.) அந்த வரியும் பொதுக் கஜானாவுக்குத்தான் போனது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது அதுவும் கரைந்தது.

கரைந்தது மட்டுமில்லை, திரும்பி வரும் கதவும் மூடியாயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 101-வது திருத்தம், மாநிலப் பட்டியலின் 62-வது இனத்திலிருந்து ஆடம்பர வரியை எடுத்துவிட்டது. கேளிக்கை வரியை மட்டும், அதுவும் பஞ்சாயத்தும் நகராட்சியும் வாங்கும் அளவுக்கு, விட்டு வைத்தது. ஆகவே வேலூர் மாநகராட்சி தீர்மானம் போட்டு அறைக்கு 10 ரூபாய் சுற்றுலா வரி வாங்க முடியாது. மாநில அரசு நினைத்தாலும் அறை வாடகை மேல் தனி வரி போட முடியாது. அப்படிக் கேட்டு மனு எழுதுவது தபால் செலவுக்கு நட்டம்.

மீதி இருப்பது மூன்று வழிகள். கட்டிய வரியைக் கணக்குக் காட்டி, பட்ஜெட்டில் பங்கு கேட்பது ஒன்று. வரியாக இல்லாமல், சேவைக்கான கட்டணமாக அரசு விதிக்கும்படி கேட்பது இன்னொன்று. சிக்கிம் 2025-ல் சுற்றுலாப் பயணிகளிடம் செக்-இன் செய்யும்போது 50 ரூபாய் வாங்க ஆரம்பித்தது இந்த வகை. ஆனால் கட்டணம் என்றால் அதற்கு ஈடாக என்ன சேவை என்று காட்ட வேண்டும், பின்னால் மாநில விதிகள் வேண்டும். சிகிச்சைக்கு வருபவர்கள் நிறைந்த ஊரில் இதை நாம் பரிந்துரைக்கவில்லை. நோயாளியின் மகனிடம் நுழைவுக் கட்டணம் கேட்டால் ஊருக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும். மூன்றாவது, விடுதிக்காரர்களே சேர்ந்து தங்கள் கைப்பணத்தில், விற்ற அறைக் கணக்கில் போட்டு, ஓர் அறை-இரவு நிதி நடத்துவது. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் உண்டு. அதற்கு முன் உங்கள் பில் சரியாக இருக்க வேண்டும்.

பில்லைச் சரிசெய்யுங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு (நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் 18 சதவீதம், கழிவு உண்டு. ‘எனக்குக் கழிவு வேண்டும், 18 கட்டிக்கொள்கிறேன்’ என்று 1,500 ரூபாய் அறைக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. வேலூரில் ஏறக்குறைய எல்லா லாட்ஜும் 5 சதவீதத்தில்தான் வரும். 1,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை என்ற நினைப்பு இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்த விலக்கு 2022 ஜூலை 18-ல் போய்விட்டது. 450 ரூபாய் அறைக்கும் 22 ரூபாய் 50 காசு உண்டு.

பார்க்க வேண்டியது கதவில் தொங்கும் கட்டணப் பலகையை இல்லை, உண்மையில் வாங்கும் தொகையை. கூடுதல் கட்டிலுக்கு வாங்கும் 200 ரூபாயும் அந்த அறையின் மதிப்பில் சேரும். 1,000 ரூபாய் அறையோடு 200 சேர்த்தால் 1,200-க்கு 60 ரூபாய் வரி. கட்டிலைத் தனித் துண்டுச் சீட்டில் எழுதி வரி இல்லாமல் வாங்குவது பழக்கமாகிவிட்டது. தணிக்கையில் முதலில் மாட்டுவதும் அதுதான்.

ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவு செய்யாதவர்கள், பாபு ராவ் தெருப் பக்கம் வீட்டு மாடியை அறை அறையாக விடுபவர்கள் போல, பில்லில் வரி என்று எதையும் வாங்கக் கூடாது. பதிவில்லாமல் வரி வாங்குவது தனிக் குற்றம். அவர்களுடைய அறை ஆன்லைன் தளம் வழியாகப் போனால் அந்தத் தளமே ஜிஎஸ்டியைக் கட்டும். பதிவு உள்ளவர்கள் தளம் வழியாக விற்றால், தளம் 0.5 சதவீதம் பிடித்துக் கட்டியிருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் அதை ஏற்றுக்கொண்டு மின்னணு ரொக்கப் பேரேட்டுக்கு எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். மறந்தவர்களின் பணம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விருந்தினரிடம் வரி வாங்காமல் வரவின் மேல் தாங்களே, 6 சதவீதம் கட்டும் சிறு விடுதிகள் ஒரு தரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். விருந்தினரிடம் வாங்க முடியாத 6 சதவீதத்தைக் கைக்காசில் கட்டுவதைவிட, வாங்கிக் கட்டும் 5 சதவீதம் மேல். ரிட்டர்ன் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆண்டு வரவு 5 கோடிக்குள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போதும். தமிழ்நாட்டுக்கு அந்த ரிட்டர்னின் 3பி படிவக் கெடு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22.

இனி நீண்ட நாள் தங்குபவர்கள். வேறு ஊர் விடுதிக்காரருக்கு இது ஓர் அடிக்குறிப்பு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ் நடத்துபவருக்கு இது தொழிலின் நடுப்பகுதி. கதிர்வீச்சு சிகிச்சை, மாற்று அறுவை, தொடர் கீமோ என்று வருபவர்கள் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். 2024 ஜூலை 15 முதல் ஒரு விலக்கு இருக்கிறது. தலைக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்க இடம் கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. விடுதி மாணவர்களையும் வேலைக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தது என்றாலும், எழுத்தில் இருப்பது காலமும் தொகையும்தான். 600 ரூபாய் அறையில் இரண்டு பேர் இருந்தால் மாதம் 18,000, தலைக்கு 9,000. வரம்புக்குள் வருகிறது.

சிக்கல் தொடர்ச்சியில் வரும். நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பினால் கணக்கு முறியும். ஆளை அறை மாற்றினால் பழைய பில்லும் புதிய பில்லும் ஒரே ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். 85-வது நாளில் டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்றால், அதுவரை வாங்காத வரி உங்கள் தலையில் விழும். ஆகவே முதல் நாளே 90 நாள் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். வரிக்குச் சமமான தொகையை டெபாசிட்டாக வைத்துக்கொள்ளுங்கள், 600 ரூபாய் அறைக்கு நாளுக்கு 30 ரூபாய் வீதம். 90 முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள். டெபாசிட் ரசீதில் ‘வரி’ என்ற சொல் வரக் கூடாது. தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒப்பந்த வாசகத்தைக் காட்டிவிடுங்கள்.

கட்டிய வரியைக் காட்டிக் கேட்பது

அரசிடம் போகும்போது ‘நாங்கள் நிறைய வரி கட்டுகிறோம்’ என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். எண் வேண்டும். எண் அறை-இரவிலிருந்து வர வேண்டும்.

அறை-இரவு என்றால் ஒரு அறை ஓர் இரவுக்கு விற்றது. ஒரு மாதிரிக் கணக்கு: 24 அறை லாட்ஜ். ஆண்டுக்கு 24 × 365, அதாவது 8,760 அறை-இரவுகள் கையிருப்பு. அதில் 65 சதவீதம் நிரம்பினால் 5,694. சராசரி வாடகை 900 என்றால் வரவு 51,24,600 ரூபாய். 5 சதவீத வரி 2,56,230. மாநிலப் பங்கு அதில் பாதி, 1,28,115. இதே அளவில் 30 லாட்ஜ் சேர்ந்தால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு 38,43,450 ரூபாய். டெக்சாஸ் அளவில் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்டால் சுமார் 3,20,000. ஒரு அரசுத் துறைக்கு இது பெரிய தொகையே இல்லை, அதனால்தான் கேட்கவும் முடியும்.

உங்கள் எண்களை லாட்ஜ் ரெஜிஸ்டரிலிருந்து எடுங்கள், வங்கி வரவிலிருந்து வேண்டாம். வங்கியில் உணவகப் பணமும் முன்பணமும் கலந்திருக்கும். ரெஜிஸ்டர் எண்ணும் ரிட்டர்ன் எண்ணும் ஒத்துப்போகாத லாட்ஜைத் தொகுப்பில் சேர்க்காதீர்கள். ஒருவருடைய ஓட்டை மொத்த மனுவையும் கவிழ்க்கும்.

அரசின் பக்கத்து எண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அறை வாடகைக்கான சேவைக் குறியீடு 996311. சிறிய நிறுவனங்கள் 4 இலக்கம் போட்டாலே போதும் என்பதால் பலர் 9963 என்று மட்டும் பதிவார்கள். 9963-ல் உணவகமும் அடக்கம். 4 இலக்கத்தில் கேட்டால் பிரியாணிக் கடை வரியெல்லாம் சேர்ந்து வரும், அதை வைத்து எழுதும் மனுவை நிதித் துறை ஒரே வரியில் தள்ளிவிடும். ஆகவே சங்க உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு நிதியாண்டு முழுதும் 6 இலக்கத்தில் பதியுங்கள். பிறகு கேளுங்கள். ‘தொகுத்து வைக்கவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் மனுவோடு இணையுங்கள், உங்கள் தொகுப்புதான் இருக்கும் ஒரே எண் என்பதற்கு அது சான்று.

மனு யாருக்கு? மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலருக்கும் முதலில், நகல் சென்னையில் சுற்றுலா ஆணையருக்கு. பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில்தான் வாசிக்கப்படும், ஆனால் துறைகள் மதிப்பீடு தயாரிப்பது பல மாதம் முன்பே. ஆடி, ஆவணியில் மனு கையில் இருந்தால் வேலைக்கு ஆகும். தை மாதம் கொடுப்பது அடுத்த ஆண்டுக்கு. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்திருக்கிறது. மனுவில் அதை மேற்கோள் காட்டுங்கள். ஒரே ஒரு வேலையை, அளவோடு கேளுங்கள்: ‘நான்கு மொழியில் வழிகாட்டிப் பலகை 12, இன்னின்ன இடத்தில்’ என்பது போல. ‘வேலூரைச் சுற்றுலா நகரமாக்குக’ என்ற மனுவுக்கு வரும் பதில் ‘பரிசீலனையில் உள்ளது’.

பலகை என்றதும் ஒரு எச்சரிக்கை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். அகழிக் கரையில் கான்கிரீட் அடித்தளம் போட்டு வளைவு கட்டலாம் என்ற யோசனையெல்லாம் இங்கேயே நிற்கும். தூணில்லாமல், இருக்கும் சுவரிலோ கடை முகப்பிலோ மாட்டும் பலகைகளைத் திட்டமிடுங்கள். அதற்கும் இட உரிமையாளரின் எழுத்து மூல ஒப்புதலை வாங்குங்கள்.

அறை-இரவு நிதி

அரசு கொடுக்கும்வரை காத்திருந்தால் கிழவனாகிவிடுவோம். அமெரிக்காவிலேயே பல நகரங்களில் விடுதிக்காரர்கள் தாங்களே ஒப்புக்கொண்டு அறைக்கு இவ்வளவு என்று போட்டு ஊர் விளம்பரத்தை நடத்துகிறார்கள். கலிபோர்னியாவின் மேற்கு ஹாலிவுட் 1989-ல் இதைத் தொடங்கியது. அங்கே அதற்குச் சட்டத்தின் பின்பலம் உண்டு. நமக்கு இல்லை. ஆகவே இது முழுக்க ஒப்பந்தத்தின் பேரில் நடக்க வேண்டும்.

அளவு அறை-இரவுக்கு 5 ரூபாய். மேலே சொன்ன 24 அறை லாட்ஜுக்கு ஆண்டுக்கு 28,470 ரூபாய், மாதம் 2,400-க்குக் கொஞ்சம் குறைவு. 30 லாட்ஜ் சேர்ந்தால் 8,54,100. வாடகையில் சதவீதம் போடாதீர்கள். சதவீதம் போட்டால் ஒவ்வொருவரும் தன் வாடகையைச் சொல்ல வேண்டும், அதை யாரும் போட்டியாளரிடம் உண்மையாகச் சொல்லப் போவதில்லை. எண்ணிக்கையை மறைக்கக் காரணம் குறைவு. அதையும் மறைப்பார்கள் என்று தோன்றினால், நிரம்பியது நிரம்பாதது பாராமல் அறைக்கு மாதம் 100 ரூபாய் என்று வையுங்கள். 24 அறைக்கு 2,400. கிட்டத்தட்ட அதே பணம், சண்டை பாதி.

ஏழு பேர் சேர்ந்தால் 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதியலாம். ஏற்கெனவே லாட்ஜ் உரிமையாளர் சங்கம் இருந்தாலும் இந்த நிதிக்குத் தனிச் சங்கம், தனி வங்கிக் கணக்கு வையுங்கள். பொதுச் சங்கத்தின் கணக்கில் போட்டால் ஆயுத பூஜைக்கும், பொன்னாடைக்கும், வழக்குச் செலவுக்கும் போய்விடும். துணைவிதியில் டெக்சாஸின் இரண்டு கேள்விகளைத் தமிழில் அப்படியே எழுதி, எந்தச் செலவுக்கும் இரண்டுக்கும் ஆம் என்று தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகே காசோலை என்று வையுங்கள். கையெழுத்து இருவர், அவர்களில் ஒருவராவது 15 அறைக்குக் குறைந்த லாட்ஜ்காரராக இருக்கட்டும். பெரியவர்கள் மட்டும் முடிவெடுத்தால் சிறியவர்கள் ஆறாவது மாதம் நழுவுவார்கள்.

இந்த 5 ரூபாயை விருந்தினர் பில்லில் ஏற்றாதீர்கள். எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை அதுதான், மிகவும் தவறான யோசனையும் அதுதான். ‘சுற்றுலா வரி’ என்று எழுதினால், வரி என்று வசூலித்த எந்தத் தொகையும் அரசுக்குப் போக வேண்டும், வட்டியோடு கேட்பார்கள். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரியே கிடையாது. ‘சுற்றுலா நிதி’ என்று எழுதினாலும் அது வாடகையின் மதிப்பில் சேர்ந்து அதன் மேலும் 5 சதவீதம் வரும். தானாகச் சேர்க்கும் சேவைக் கட்டணத்தை எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதியும் செய்தது. ஒரு விருந்தினர் புகார் கொடுத்தால் போதும். வாடகைக்குள் அடக்கி, லாட்ஜின் செலவாகக் கட்டுங்கள்.

கட்டுவது வங்கி வழியாக. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் ஏற்க மாட்டார்கள். ரசீதும் தீர்மான நகலும் கோப்பில் இருக்கட்டும். சங்கத்தின் வரவு 20 லட்சத்தை நெருங்கினால் அதன் ஜிஎஸ்டி நிலையை முன்னாலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சேராதவர்களும் பலன் பெறுவார்களே என்ற குறை எப்போதும் வரும். பெறட்டும், தடுக்க முடியாது. ஆனால் துண்டுப் பிரசுரத்தில் லாட்ஜ் பட்டியல் போட்டால் உறுப்பினர் பெயர் மட்டும் போடுங்கள். அந்த ஒரு பக்கம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்டை.

எதில் போடுவது

சென்னையில் பெரிய விளம்பரப் பலகை வைப்பது, வேலூர் லாட்ஜைப் பொறுத்தவரை, பாலாற்றில் தண்ணீர் ஊற்றுவது. சென்னைக்காரர் காலையில் வந்து ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்த்து மாலையில் திரும்பிவிடுவார். அறை எடுக்க மாட்டார். அறை எடுப்பவர் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறார். ரத்தப் பரிசோதனை கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் காத்திருக்கிறார். வங்காளமோ இந்தியோ பேசுகிறார். காந்தி ரோட்டில் நடந்தால் கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்து இருக்கிறது. கோட்டை வாசலில் அது வேண்டாமா?

ஆகவே முதல் ஆண்டுப் பணத்தில் பெரும்பகுதியை ஒரே தாளில் போடுங்கள்: வங்காளம், இந்தி, ஆங்கிலம், தமிழ் என நான்கு பதிப்பு, ஒவ்வொரு அறையிலும் ஒன்று. அதில் தூரத்தை விட முக்கியம் உடம்பின் அளவு. எவ்வளவு நடக்க வேண்டும், சக்கர நாற்காலி போகுமா, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பலாம். கோட்டைக்கு மருத்துவமனைப் பக்கமிருந்து நடந்தே போகலாம். ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவப் பாதையில் நீண்ட தூரம் நடக்க வேண்டும், அறுவை முடிந்தவருக்கு ஆகாது, கூட வந்தவருக்கு ஆகும். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கரின் சமாதி இருக்கிறது. இலங்கையிலிருந்து வருபவருக்கு இதை யாரும் சொல்வதில்லை. 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியை இரண்டே வரியில் சொல்லுங்கள், படிப்பவர் களைத்தவர். சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கு முன், மாலை 4 மணிக்குப் பின் என்று நேரத்தைப் பிரித்து எழுதுங்கள். வெயிலூர் என்று ஊருக்கே பெயர்.

முழு நாள் இருப்பவருக்கு ஏலகிரி, காவலூர் வானாய்வகம், ஆற்காடு டெல்லி கேட். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஏலகிரியும் காவலூரும் திருப்பத்தூருக்கும், ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. மாவட்ட அலுவலகப் பிரசுரத்தில் எல்லைக்குள் இருப்பது மட்டுமே வரும். உங்கள் தாளுக்கு அந்த எல்லை கிடையாது. ஆற்காடு மக்கன் பேடா எந்த மாவட்டம் என்று சாப்பிடுபவர் கேட்கப் போவதில்லை.

ஆட்டோ கட்டணத்தைத் தாளில் அச்சடிக்காதீர்கள். மூன்று மாதத்தில் மாறும், பிறகு சண்டை உங்கள் ரிசப்ஷனில் நடக்கும். ரிசப்ஷன் பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொள்ளலாம்.

பணம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு எண் போதும். மருத்துவ வேலை முடிந்த பின் கூடுதலாக எத்தனை இரவு தங்கினார்கள். செக்-அவுட் நேரத்தில் ‘கோட்டைக்கோ வேறெங்காவதோ போனீர்களா, அதற்காக ஒரு நாள் கூட இருந்தீர்களா’ என்று கேட்டு, ரெஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் 0 அல்லது 1 என்று குறிக்கச் சொல்லுங்கள். தாள் கொடுக்கும் முன் மூன்று மாதம், கொடுத்த பின் மூன்று மாதம், இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆனால் ஒப்பிடும் மாதங்கள் ஒத்திருக்க வேண்டும். துர்கா பூஜை சமயத்தில் வங்காளிகள் ஊருக்குத் திரும்பி அறைகள் காலியாவதை, தாள் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 5,694 அறை-இரவில் நூறு கூடினாலே 900 ரூபாய் வீதம் 90,000 வரவு. 28,470 கொடுத்த லாட்ஜுக்கு அது போதும். அதில் மாநிலத்துக்குப் போகும் 2,250 ரூபாயையும் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த ஆடி மாத மனுவில் அந்த எண் வேண்டும்.